முழு விலா மாட்டுக்கறி ரோஸ்ட்: கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உள்சூட்டைப் பாருங்கள்

மாட்டுக்கறி சமைக்க வடசென்னையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் என்று எந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தாலும், இந்த வீட்டில் சுக்காவா குழம்பா பிரியாணியா என்பதை மூக்கே சொல்லிவிடும். ஆனால் அதே கைகளில் 3 கிலோ விலாக்கறியை எலும்போடு ஒரே துண்டாகக் கொடுத்து, குக்கர் கிடையாது, தண்ணி விடக் கூடாது, ஓவனில் வைத்து எடு என்றால் பலரும் தடுமாறுவோம். கைப்பக்குவம் போதாது என்பதால் அல்ல. நம் சமையல் மொத்தமும் சின்னத் துண்டுக்கும் குழம்புத் தண்ணிக்கும் பழகியது. விசில் எண்ணி அடுப்பை அணைக்கிற கணக்கு இவ்வளவு பெரிய துண்டில் எடுபடாது, அவ்வளவுதான்.

மேல்நாட்டில் கிறிஸ்துமஸ் மேசைக்கு வைக்கிற 'பிரைம் ரிப்' என்கிற ரோஸ்ட்டைத்தான் சொல்கிறேன். வீடியோவில் பார்த்திருப்பீர்கள், வெளியே கருப்பா பழுப்பா ஒரு மொறுமொறு ஓடு, வெட்டினால் உள்ளே ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இளஞ்சிவப்பு. மாட்டுக்கு ஒரு பக்கத்தில் 13 விலா எலும்புகள். கழுத்துப் பக்கத்திலிருந்து எண்ணினால் 6 முதல் 12 வரை உள்ள 7 எலும்புகளும், முதுகுத்தண்டை ஒட்டி அவற்றின்மேல் படுத்திருக்கும் தடித்த தசையும் சேர்ந்ததுதான் அந்தப் பகுதி. மாடு நடக்கும்போதும் இழுக்கும்போதும் காலும் தோளும் கழுத்தும்தான் பாடுபடும், முதுகுத் தசை பெரும்பாலும் சும்மா கூடவே வரும். அதிகம் உழைக்காத தசையில் ஜவ்வு குறைவு. அதனால்தான் மணிக்கணக்கில் வேகவிடாமலே இந்த இடம் மெத்தென்று இருக்கும். 7 எலும்பும் வீட்டுக்கு வேண்டாம், 2 அல்லது 3 போதும். ஓர் எலும்புக்கு இரண்டு பேர் என்பது அங்கே வழக்கமான கணக்கு. நம் வீட்டில் பக்கத்தில் ஒரு பிரியாணிச் சட்டியும் இருக்கும் என்பதால் மூன்று பேருக்கே வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓவனில் 180 டிகிரி வைத்தால் கறியும் 180-இல் வேகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் (இங்கே டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்). அந்த 180 என்பது காற்றின் சூடு. கறியின் மேல்பகுதி ஈரமாக இருக்கும்வரை 100-ஐத் தாண்டாது, ஏனென்றால் வருகிற சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். நடுப்பகுதியோ ஃபிரிட்ஜிலிருந்து வந்த 5 டிகிரியில் ரொம்ப நேரம் அப்படியே கிடக்கும். வெளியிலிருந்து உள்ளே போகிற சூடு, மின்ட் தெருவில் சாயங்காலம் மாட்டிக்கொண்ட ஆட்டோ மாதிரி, இன்ச் இன்ச்சாகத்தான் நகரும். ஆக எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்த ஒரே துண்டுக்குள் பல சூடுகள் இருக்கும்: ஓரத்தில் 90, கொஞ்சம் உள்ளே 65, நடுவில் 40. ரோஸ்ட் செய்வது என்பதே இந்த வித்தியாசத்தைக் கட்டுக்குள் வைக்கிற வேலைதான். இது மனதில் உட்கார்ந்துவிட்டால் மீதியை யாரும் சொல்லித் தர வேண்டாம், நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

எந்தச் சூட்டில் கறிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 50 டிகிரியை ஒட்டி மயோசின் என்ற புரதம் உறைகிறது, கொழகொழவென்று இருந்த பச்சைக்கறி கொஞ்சம் இறுகிக் கடிக்கிற பதத்துக்கு வருகிறது. 54 முதல் 57 வரை நடு சிவப்பாகவும் சாறோடும் இருக்கும், வெளிநாட்டு ஹோட்டல்களில் மீடியம் ரேர் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். 60-ஐத் தாண்டினால் தசை இழைகளைச் சுற்றியிருக்கும் ஜவ்வு சுருங்கி, உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளத் தொடங்கும்; நிறமும் இளஞ்சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறும். 65-லிருந்து 70-க்குள் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் உறைந்துவிட்டால் கறி வறண்டு, மென்றால் நார் நாராக வரும். அதற்கும் மேலே, 80, 90 டிகிரியில் மணிக்கணக்கில் ஈரத்தோடு வைத்திருந்தால், சுருங்கி முறைத்துக்கொண்டிருந்த அதே ஜவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும், அப்போது கறி மறுபடி மெத்தென்று பிய்ந்து வரும். நம் வீட்டுக் குழம்பும் சுக்காவும் இருப்பது இந்த மேல் தளத்தில். பிரைம் ரிப் இருப்பது கீழ்த் தளத்தில். இரண்டுக்கும் நடுவில், 68-லிருந்து 80 வரை உள்ள இடம்தான் இரண்டுங்கெட்டான்: சாறும் போயிருக்கும், ஜவ்வும் கரைந்திருக்காது. வீட்டில் ஓவன் ரோஸ்ட் செய்து 'ரப்பர் மாதிரி இருக்கு' என்று முகம் சுளிப்பவர்களின் கறி பெரும்பாலும் இந்த இடத்தில் போய் நின்றதாகத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் வேகட்டும், இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டுவிட்டு, முழுசாக வேகிற வரைக்கும் பொறுமையும் இல்லாமல் எடுத்துவிடுவது.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வெட்டும்போது தட்டில் வடிகிற சிவப்புத் தண்ணி ரத்தம் இல்லை. ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடும். இது தசைக்குள் இருக்கும் நீர், அதில் மயோகுளோபின் என்ற நிறமி கலந்திருக்கிறது. அந்த நிறமிதான் 60 டிகிரிக்கு மேல் பழுப்பாகிறது. 'ரத்தம் வருதே' என்று பெரியவர்கள் தட்டைத் தள்ளி வைப்பது இதைப் பார்த்துத்தான்.

அடுத்தது நேரக் கணக்கு. கிலோவுக்கு இத்தனை நிமிடம் என்று எல்லா இடத்திலும் ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. சூடு போய்ச் சேர வேண்டியது நடுவுக்கு, ஆகவே நேரத்தைத் தீர்மானிப்பது எடை அல்ல, தடிமன். 3 எலும்புத் துண்டையும் 5 எலும்புத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீளம்தான் கூடியிருக்கும், தடிமன் அதேதான். அதனால் எடை கிட்டத்தட்ட இரட்டித்தாலும் நேரம் கொஞ்சம்தான் கூடும். ஆனால் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய நான்கு மடங்கு வரை போகும். அதோடு உங்கள் ஓவன் 120 என்று காட்டும்போது உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. இத்தனை குழப்பத்தையும் ஒரே அடியில் தீர்ப்பது, கறியில் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஓவன் பெரிதாக வாங்குவதா தெர்மாமீட்டர் வாங்குவதா என்று கேட்டால் தெர்மாமீட்டர் என்றுதான் சொல்வேன். வாங்கி வந்ததும் கொதிக்கிற தண்ணியில் முனையை விட்டுப் பாருங்கள், நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், சரியாக 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நிறைய ஐஸ் போட்ட தண்ணியில் 0 காட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அதை நம்பலாம்.

இப்போது ஓவன் சூடு. அதிகச் சூட்டில் வைத்தால் நடு 55-ஐத் தொடுவதற்குள் ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறமாக வறண்டுவிடும். குறைந்த சூட்டில், 110 அல்லது 120-இல் வைத்தால் வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது, முழுத் துண்டும் ஏறக்குறைய ஒரே பதத்தில் வருகிறது. ஆனால் 120-இல் மேலே நிறம் வராது, வெளிறிப்போய் பார்க்கவே சகிக்காது. அதனால் முதலில் மெதுவாக உள்ளே வேகவைத்து, கடைசியில் ஓவனை முழுச் சூட்டுக்கு ஏற்றிப் பத்து நிமிடத்துக்குள் மேல் ஓட்டை மட்டும் முறுக வைக்கிற முறைதான் புதிதாகச் செய்பவருக்கு நல்லது. அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வருவது மயார் வினையால். லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விவரித்தது. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து 140 டிகிரியை ஒட்டி வேகமாக நடக்கிற மாற்றம் அது. ஈரம் இருக்கும்வரை மேல்பகுதி 100-ஐத் தாண்டாது என்று சொன்னேன் இல்லையா, அதனால் மேலே காய்ந்திருந்தால்தான் இந்த வினைக்கே வழி பிறக்கும்.

முதலிலேயே சட்டியில் போட்டு நாலு பக்கமும் வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அது 1840-களில் யூஸ்டுஸ் ஃபொன் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கருத்து. 1930-களிலேயே வறுத்ததையும் வறுக்காததையும் எடை போட்டுப் பார்த்து அது சரியில்லை என்று காட்டிவிட்டார்கள். வறுப்பது ருசிக்காக, சாற்றைப் பூட்டுவதற்காக அல்ல.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கு என்று சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு வெளிநாட்டு வீடியோவை அப்படியே பார்த்துச் செய்தால் ஏமாற்றம்தான். அமெரிக்காவில் இந்த ரோஸ்ட்டுக்கு வருவது ஒன்றரை, இரண்டு வயது மாடு. தானியம் போட்டுக் கொழுக்க வைத்தது, தசைக்குள்ளேயே வெள்ளைக் கோடு கோடாகக் கொழுப்பு ஓடும். இங்கே 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் பொதுவாக அறுக்க முடியும். அதாவது நம் கடைக்கு வருவது உழைத்து ஓய்ந்த மாடு, அல்லது எருமை. (எருமைக் கறி இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கும், கொழுப்பு பால் வெள்ளை, மாட்டுக் கொழுப்பு மஞ்சள் ஓடியிருக்கும்.) வயது ஏற ஏற ஜவ்வு முறுகிப்போகும், சூட்டுக்கும் எளிதில் இளகாது. ஆகவே முதுகு விலாவாகவே இருந்தாலும் அந்த ஊர் மென்மை வராது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ருசி? வயதான மாட்டின் கறியில் ருசி ஒரு படி தூக்கலாகவே இருக்கும். மெல்லியதாக வெட்டத் தெரிந்தால் போதும்.

கடையில் வாங்குவது தனிக் கதை. நம் கறிக்கடைக்காரர்களுக்குக் கையில் கறி வந்ததும் கட்டையில் வைத்துத் துண்டு போடத்தான் கை போகும். முன்கூட்டியே, முடிந்தால் முதல் நாளே, சொல்லி வையுங்கள்.

"பாய், முதுகை ஒட்டின விலா, மூணு எலும்போட ஒரே பீஸா வேணும். துண்டு போட்டுடாதீங்க."

"பிரியாணிக்கா தம்பி?"

"இல்ல பாய், அப்படியே ஓவன்ல வைக்கப் போறேன்."

"முழுசாவா? உள்ள வேகாதேப்பா."

இந்தப் பேச்சு நடக்காமல் வாங்க முடியாது, அதற்கும் தயாராகப் போங்கள். நெஞ்செலும்பைக் கொடுத்துவிடப் போகிறார்கள், கவனம். அது மணிக்கணக்கில் வேக வேண்டிய இடம். முதுகுத்தண்டு எலும்பை மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாப்பிடும் நேரத்தில் கத்தி இறங்காது. மேலே கொழுப்பு இருந்தால் அதைச் சீவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, இது பலருக்குத் தெரியாது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், அந்த விறைப்பு இளக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகும் குளிரில் இருக்க இருக்க, கறியிலேயே உள்ள நொதிகள் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். வெளிநாட்டில் வாரக்கணக்கில் குளிர் அறையில் தொங்கவிடுவது இதற்குத்தான். நமக்கோ விடியற்காலையில் அறுத்தது ஏழு மணிக்குப் பையில் வந்துவிடுகிறது. 'ஃப்ரெஷ்' என்று பெருமைப்படுகிறோம், குழம்புக்கு அது சரி, ரோஸ்ட்டுக்கு அது பலவீனம். அதிலும் அந்தச் சூடு ஆறாத கறியை நேரே ஃபிரீசரில் போட்டால் விறைப்பதற்கு முன்பே குளிர் தாக்கி, தசை ரொம்பவே சுருங்கி, எடுத்துச் சமைத்தால் செருப்பாகிவிடும். எலும்போடு இருந்தால் எலும்பு இழுத்துப் பிடிப்பதால் சுருக்கம் குறைவு, எலும்போடு வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஃபிரீசர் வேண்டாம். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஞாயிறு விருந்து என்றால் வியாழக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

அந்த இரண்டு மூன்று நாளும் வீணாகாது, ஏனென்றால் உப்பு உள்ளே இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். வாங்கி வந்த அன்றே கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பு என்றால் தட்டின 2 டீஸ்பூன், எல்லாப் பக்கமும் தேய்த்து ஒரு கம்பித் தட்டின்மேல் மூடாமல் வையுங்கள். மூடாமல் வைத்தால்தான் மேலே காயும், கடைசியில் ஓடு முறுகும். இட்லி மாவும் மல்லிப்பூவும் இருக்கிற ஃபிரிட்ஜில் மாட்டுக்கறியை மூடாமல் வைப்பதா என்று வீட்டில் ஒரு சத்தம் வரும், நியாயமான சத்தம்தான். கறியை மூடுவதற்குப் பதில் மாவையும் பூவையும் இறுக்கமான டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். கறி கீழ்த்தட்டில், அடியில் ஒரு தட்டோடு. சொட்டு எதன்மேலும் விழக் கூடாது.

பப்பாளிக்காய் தடவலாமா என்று கேட்பார்கள். சுக்காவுக்குத் தடவுங்கள், இதற்கு வேண்டாம். பப்பாளியில் உள்ள நொதி சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. இவ்வளவு பெரிய துண்டில் மேல்பகுதி கூழாகும், உள்ளே எதுவும் மாறாது, அந்தக் கூழ் மேலே முறுகவும் விடாது. அதேபோல மிளகாய்த்தூளும் மஞ்சளும் அள்ளிப் பூசுகிற கை கொஞ்சம் அடங்க வேண்டும். கடைசியில் 250 டிகிரியில் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். இடித்த மிளகு, வெண்ணெய், வேண்டுமானால் கொஞ்சம் பூண்டு. காரம் வேண்டும் என்பவர்களுக்கு அதைத் தொட்டுக்கொள்கிற சாற்றில் சேர்க்கலாம்.

ஓவன் என்றால் நம் வீடுகளில் ஓடிஜிதான், அதாவது டோஸ்டரும் கிரில்லும் சேர்ந்த சின்ன மேசை ஓவன். 2 எலும்புத் துண்டு 30 லிட்டர் ஓவனில் சமாளித்துப் போய்விடும், 3 எலும்புக்கு 40 லிட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி. வாங்குவதற்கு முன் ஓவன் உள்ளே உயரத்தை அளந்து கொள்ளுங்கள். மேல் கம்பிக்கும் கறிக்கும் நாலு விரல் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் மேலே மட்டும் கருகும். அப்படி நெருக்கமாக இருந்தால் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டு, கடைசிச் சூட்டுக்கு எடுத்துவிடலாம்.

சமைக்கிற அன்றைக்கு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரம் வெளியே வைத்து அறையின் சூட்டுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். 3 கிலோ கறியின் நடு அந்த நேரத்தில் சில டிகிரி ஏறினாலே பெரிது, நம் ஊர் மே மாத வெயிலில் மேல்பகுதியில் கிருமி பெருகுவதுதான் மிச்சம். நேரே ஓவனுக்குப் போகட்டும். 120 டிகிரி, எலும்பு கீழே, கொழுப்பு மேலே. தெர்மாமீட்டரைத் தசையின் நட்ட நடுவில் குத்த வேண்டும், எலும்பில் முட்டக் கூடாது, எலும்பை ஒட்டிய சூடு வேறு கணக்கு காட்டும். 3 கிலோ அளவுக்குச் சுமார் மூன்று, மூன்றரை மணி நேரம், சில ஓவனில் நாலும் ஆகலாம். முதல் ஒன்றரை மணி நேரம் எண் அசையவே அசையாது என்று தோன்றும், பயந்து சூட்டை ஏற்றிவிடாதீர்கள். 40-ஐத் தாண்டியதும் சீராக ஏறும், அப்போது பக்கத்திலேயே இருங்கள். நடுவில் கரன்ட் போனால்? கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள், அரை மணி நேரத் தடங்கலை இந்த முறை சகித்துக்கொள்ளும். இதே 220-இல் வேகிற கறி என்றால் எல்லாக் கணக்கும் கெட்டிருக்கும்.

எத்தனை டிகிரியில் எடுப்பது என்பதில் நான் வீடியோக்களோடு ஒத்துப்போவதில்லை. அவர்கள் 50, 52-இல் எடுத்து 55-இல் பரிமாறுவார்கள். முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், அது நன்றாகச் சுட்டுவிடும், உள்ளே சிவப்பாக இருப்பதால் பெரிய ஆபத்தில்லை என்பதுதான் அதற்கு அடிப்படை. ஆனால் அங்கே அறுத்ததிலிருந்து கடை வரை கறி குளிரிலேயே வருகிறது, பரிசோதனையும் உண்டு. நம் கடையில் கொக்கியில், காற்றில், ஈக்கு நடுவில் தொங்குகிறது. மாட்டுக்கறியில் வரக்கூடிய நாடாப்புழுவின் கட்டிகள் மேல்பரப்பில் அல்ல, தசைக்குள்ளேயே இருக்கும். அமெரிக்க வேளாண் துறையே முழுத் துண்டு மாட்டுக்கறிக்கு 63 டிகிரியும், எடுத்த பிறகு 3 நிமிட ஓய்வும் என்றுதான் சொல்கிறது. நம் கடைக் கறிக்கு அதையே வைத்துக்கொள்வது நல்லது. 60-இல் எடுங்கள், தானாக 63-க்கு வந்துவிடும், வராவிட்டால் மறுபடி உள்ளே தள்ளுங்கள். அப்போதும் நடு லேசான இளஞ்சிவப்பாகவே இருக்கும், 68-க்குப் போகாதவரை சாறும் இருக்கும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்களுக்கு ஓரத்துத் துண்டுகளை எடுத்துச் சட்டியில் இன்னும் நன்றாக வறுத்துக் கொடுத்துவிடலாம்.

தானாக ஏறும் என்றேனே, அது ஒன்றும் மாயமில்லை. ஓவனிலிருந்து எடுத்த பிறகும் ஓரத்துச் சூடு நடுவை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருக்கும். 120-இல் வேகவைத்தால் இரண்டு மூன்று டிகிரி ஏறும், 220-இல் வேகவைத்தால் ஓரத்தில் தேங்கிய சூடு அதிகம் என்பதால் ஆறு ஏழு கூட ஏறும். எடுத்ததும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அதற்குள் சூடு சமமாகும், சாறும் கொஞ்சம் கெட்டிப்படும், வெட்டும்போது தட்டெல்லாம் ஓடாது. அந்த நேரத்தில் ஓவனை 250-க்கு ஏற்றி வையுங்கள், கறியை மறுபடி உள்ளே வைத்து 6 முதல் 10 நிமிடம், நிறம் பார்த்து எடுத்துவிடுங்கள். சில ஓடிஜி 230-ஐத் தாண்டாது. அப்படியானால் இரும்பு தோசைக்கல்லைப் புகை வரக் காயவைத்து, எலும்பை முதலில் பிரித்துவிட்டு, கறியை ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட்டுவிடலாம்; எனக்கு ஓவனைவிட இதுவே பிடிக்கும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், புகை கொஞ்சநஞ்சமாக வராது.

வெட்டும்போது எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி முழுத் தசையையும் தனியே எடுத்துவிட்டு, பிறகு இழை ஓடுகிற திசைக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். வெளிநாட்டில் ஒரு விரல் தடிமனுக்கு வெட்டுவார்கள், நம் மாட்டுக்கு அது சரிப்படாது, அரை விரலுக்கும் கீழே. மெல்லியதாக வெட்டினால் நீளமான இழைகள் எல்லாம் குட்டையாகிவிடும், பல்லுக்கு வேலை குறையும். உப்பும் இடித்த மிளகும் மேலே ஒரு தூவல். தொட்டுக்கொள்ள, குறைந்த சூட்டில் சமைப்பதால் தட்டில் சாறு அதிகம் விழாது, அதனால் சீவிய கறித் துணுக்கு, முதுகெலும்புத் துண்டு இவற்றைத் தனியே வெண்ணெயில் கருக வறுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டுத் தண்ணி விட்டுச் சுண்டவைத்துக் கொள்ளுங்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு மசியல் இருந்தாலும் சரி, பரோட்டா இருந்தாலும் சரி. எனக்குப் பரோட்டா.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். வாங்கி வந்த துண்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ரொம்ப முறுக்காக, கொழுப்பே இல்லாமல், நடுநடுவே தடித்த வெள்ளை ஜவ்வு ஓடினால், இத்தனை பாடும் அதற்கு வீண். அதைப் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்து வந்த பாட் ரோஸ்ட்டாக மாற்றிவிடுங்கள்: கனமான பாத்திரத்தில் நாலு பக்கமும் வறுத்து, முழு மிளகு, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு, கொஞ்சம் வினிகர், பாதியளவு தண்ணி, மூடி போட்டுச் சின்னத் தீயில் மூன்று மணி நேரம். நடுச் சூடு 90-ஐத் தாண்டி, முள்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும். அந்த முறை உருவானதே நம் ஊர் மாட்டைப் பார்த்துத்தானோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

மிஞ்சினதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள். மறுநாள் மைக்ரோவேவில் சூடு பண்ணினால் அந்த இரண்டுங்கெட்டான் இடத்துக்கே போய்ச் சேரும். பொடியாக நறுக்கி, வெங்காயம் வதங்கிக் கறிவேப்பிலை பொரிந்த பிறகு கடைசி இரண்டு நிமிடத்தில் மிளகோடு சேர்த்துப் பிரட்டி இறக்குங்கள். அந்த மூன்று விலா எலும்பும் குக்கருக்கு, சூப்புக்கு. அங்கே நீங்கள் தாராளமாக விசில் எண்ணலாம்.